ஸ்டோலுக்கு 'நின்றுபோதல்' வேண்டாமே

வணக்கம். ரிமோட் விமானக் கலைச்சொல் பட்டியலில் ஸ்டோலுக்கு, அதாவது சிறகு தூக்குவிசையை இழப்பதற்கு, 'நின்றுபோதல்' என்று அண்ணன் போட்டிருக்கிறார். கார் ஓட்டுகிறவருக்குச் சரி, அங்கே எஞ்சின் நிற்கிறது. விமானத்தில் மோட்டர் முழு மூச்சாகச் சுற்றும்போதே ஸ்டோல் வரும். இந்தச் சொல்லைப் படித்துவிட்டு வரும் பிள்ளை மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலைத்தான் பார்ப்பான், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் குச்சியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும் தன் கட்டைவிரலைப் பார்க்கமாட்டான்.

நானும் பார்க்கவில்லை. ஒரு வருஷம், புதிதாகப் பழகுகிறவர்களுக்கான மேல்சிறகு ட்ரெய்னர் விமானம் ஓட்டினேன். குச்சியை விட்டால் அதுவே நிமிரும், வேகம் போனால் மூக்கை மெல்லத் தாழ்த்தி மறுபடி எடுத்துக்கொள்ளும், பாவம், நம் பிழையெல்லாம் அது பொறுத்தது. அப்புறம் நுனி குறுகிய கீழ்ச்சிறகு விமானத்துக்கு மாறினேன். நுவரெலியாவில் ஒருநாள் பின்காற்றோடு வந்து இறக்கத்துக்குத் திருப்பினேன், கண்ணுக்கு நல்ல வேகம்தான், திருப்பம் இறுகட்டும் என்று இன்னும் கொஞ்சம் இழுத்தேன். இடது சிறகு நுனி சட்டென்று விழுந்தது, விமானம் அப்படியே புரண்டு தேயிலைக்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்ற மாமா, "காத்துப் பிடி விட்டுருச்சுடா" என்றார். அவர் பட்டம் விடுகிற ஆள், அவ்வளவுதான் அவர் படிப்பு.

எனக்கு அதுதான் சொல்: பிடிவிடல். சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்துவிடும், தூக்குவிசை சரியும். சிறகின் பிடி விட்டுப்போகிறது, வேறென்ன? 'வேகயிழப்பு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார், அதுவும் பாதி உண்மைதான். 60 பாகை சரித்து உயரம் குறையாமல் திருப்பினால் சிறகு சுமப்பது இருமடங்கு, பிடிவிடும் வேகமும் 1.4 மடங்கு கூடும். வேகமாகப் போய்க்கொண்டே பிடி விடலாம். 'நழுவல்' என்ற யோசனை எனக்குப் பிடித்தது, ஆனால் விமானம் பக்கவாட்டில் வழுக்குவதற்கு அந்தச் சொல் தேவைப்படும், அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

நம் பக்கத்துக்கு இது வெறும் சொல் சண்டையும் இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 83 வீதம், அதனால் அதே விமானம் கொழும்பில் பிடிவிடும் வேகத்தைவிட இங்கே 10 வீதம் அளவு கூடுதலான வேகத்திலேயே பிடிவிடும். தரையில் நின்று கண்ணால்தானே வேகம் பார்க்கிறோம்? கீழே பழகிய கண் மேலே ஏமாற்றும்.

— ஹட்டனிலிருந்து

தம்பி, சரி, 'நின்றுபோதலை' எடுத்துவிட்டேன். ஆனால் வெறுமனே 'பிடி' என்றால் ரிமோட்டைப் பிடிப்பது என்றும் நினைப்பார்கள். முதல் இடத்தில் 'காற்றுப்பிடி விடல்' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்குவோம். உங்களுக்கு நேர்ந்தது 'நுனிப்பிடி விடல்', டிப் ஸ்டோலுக்கு அதையே வைக்கலாம். ட்ரெய்னரைப் 'பயிற்சி விமானம்' என்று போட்டதிலும் எனக்கு இப்போது சந்தேகம், இரண்டாவது விமானத்திலும் பயிற்சிதானே எடுக்கிறோம்? அதுவே நிமிரும் என்கிறீர்களே, 'நிமிரி' என்றால் சிரிப்பீர்களா?

— பண்டாரவளையிலிருந்து