‘ஃப்ரேசல் வெர்பு’க்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கோத்தகிரி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு உதவி. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்காக நாங்கள் நாலு ஆசிரியர்கள் சேர்ந்து ஆங்கில இலக்கணக் கையேடு ஒன்று போடுகிறோம், விளக்கமெல்லாம் தமிழில். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். நவுனுக்குப் பெயர்ச்சொல், டென்ஸுக்குக் காலம் என்று மளமளவென்று ஓடிவிட்டு பதினோராம் பாடத்தில் வந்து நிற்கிறேன். ‘கிவ் அப்’, ‘புட் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர்’ வகையறா, அதாவது வினையோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருகிற ஃப்ரேசல் வெர்பு. பாடம் தயார், தலைப்பு மட்டும் காலி.

பெயர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்காதீர்கள். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டேன், ‘பிறகு பார்’ என்றான் ஒருவன். ‘பொறுத்துக்கொள்’ என்று பொருள்படும் ‘புட் அப் வித்’துக்குக் ‘கூட மேலே வை’. மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்துதான் வைத்திருக்கிறான், எல்லாம் சேர்ந்து ஒரே வினை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கேட்டவுடனே அது விளங்குகிற மாதிரி ஒரு பெயர் வேண்டும். மாதிரித் தாளை இணைத்திருக்கிறேன்.

ஊட்டி மொழிபெயர்ப்பாளர்:

சொற்றொடர் வினை. ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களில் ஏற்கெனவே புழங்குகிறது. அதையே போட்டுவிடுங்கள் டீச்சர், அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

குன்னூர் புலவர் ஐயா:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். அடுத்த பாடத்துக்கு அவ்வளவு சீக்கிரம் போக முடியாது. ஃப்ரேஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் அகராதியைத் திறந்து சொற்றொடர் என்று எழுதிவைத்த சோம்பல் அது, தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் இலக்கணத்தில் எழுவாய்த்தொடர், விளித்தொடர், அடுக்குத்தொடர் என்று தொடருக்குத் தனிக் குடும்பமே இருக்கிறது. அந்த வீட்டில் கொண்டுபோய் இந்தப் பிள்ளையைத் தத்துக் கொடுத்தால் மாணவர்கள் குழம்புவார்கள். சுருக்கித் தொடர்வினை என்றாலோ அறிவியல் பாடத்தில் அணு பிளக்கிற தொடர்வினை வந்து நிற்கும்.

இந்த அப், ஆஃப், அவுட் எல்லாம் யார்? இடைச்சொற்கள். ‘இடையெனப் படுப பெயரொடும் வினையொடும் நடைபெற் றியலும் தமக்கியல் பிலவே’ என்று தொல்காப்பியர் என்றைக்கோ முடித்துவிட்டார். தனக்கென்று நடை கிடையாது, ஒரு பெயரையோ வினையையோ பிடித்துக்கொண்டுதான் நடக்கும். வினையோடு ஒட்டி நின்று அதன் பொருளையே மாற்றிவிடுவதால் ஒட்டுவினை என்பதே பொருந்தும். ஒட்டுச்செடியைப் பாருங்கள், வேர் ஒன்று, காய்ப்பது வேறு. நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்?

வெலிங்டன் சார்:

ஐயா, தனியாக நடக்காது என்கிறீர்கள், அம்பயர் விரலைத் தூக்கி ‘அவுட்’ என்ற ஒற்றைச் சொல்லிலேயே ஆளை வீட்டுக்கு அனுப்புகிறாரே?

வில்பட்டி நர்சரிக்காரர்:

நான் இலக்கணம் படித்தவன் இல்லை, பேரிக்கும் பிளம்ஸுக்கும் ஒட்டுக் கட்டுகிறவன். ஐயா சொன்ன வேர் ஒன்று காய் வேறு என்பது சரிதான். ஆனால் ஒட்டுப் பிடித்த பிறகு பிரிக்க முடியாது, பிரித்தால் மேல்குச்சி பட்டுப்போகும். டீச்சர் அனுப்பிய தாளில் ‘டர்ன் ஆஃப் த லைட்’ என்றும் சொல்லலாம், ‘டர்ன் த லைட் ஆஃப்’ என்றும் சொல்லலாம் என்று இருக்கிறது. நடுவில் ஒரு லைட்டையே மாட்ட இடம் இருந்தால் அது என்ன ஒட்டு? அதைவிட, ‘இட்’ வந்தால் ‘டர்ன் இட் ஆஃப்’ என்று கட்டாயம் நடுவில்தான் வைக்க வேண்டுமாம், ‘டர்ன் ஆஃப் இட்’ தப்பாம். ‘லுக் ஆஃப்டர்’ மட்டும் பிளக்காதாம். என் நர்சரியில் இப்படி ஒரு செடியை விற்றால் காசைத் திருப்பித்தான் தர வேண்டும்.

ஊட்டி மொழிபெயர்ப்பாளர்:

அண்ணன் சொன்னதுதான் ஒட்டுவினைக்குப் பெரிய அடி. இன்னொன்றும் இருக்கிறது. ஒட்டு என்றாலே நமக்கு முன்னொட்டு, பின்னொட்டு என்றுதான் ஓடும், தமிழையே ஒட்டுநிலை மொழி என்கிறோம். ஒட்டுவினை என்றால் தமிழ் வினை அத்தனையும் அதில் அடங்கிவிடும்.

சொற்றொடர் வினை சோம்பலில் வந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சோம்பல் ஆங்கிலத்திலேயே தொடங்கியது. ஃப்ரேசல் வெர்பு என்ற பெயரைப் பரப்பியவர் லோகன் பியர்சல் ஸ்மித் என்ற எழுத்தாளர், 1925-ல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் என்று அவரே எழுதியிருக்கிறார். பெயர் வந்தது அப்போதுதான், தலைவலி எப்போதோ வந்துவிட்டது. 1755-ல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியின் முன்னுரையில், வெளிநாட்டாரை அதிகம் திணறடிப்பது இந்த வகை வினைதான் என்று எழுதிவைத்தார். கோத்தகிரிப் பையன் மாட்டிக்கொண்ட அதே இடம்.

தாண்டிக்குடி அண்ணன்:

அடிப்படையை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். ‘அப்’ எங்கிருந்து வந்தது? தமிழில் உம்பர் என்றால் மேலிடம், உப்புதல் என்றால் பொங்கி மேலெழுதல். உம்பர், உப்பு, அப். ‘அவுட்’ இருக்கிறதே, அது அவிழ் என்பதன் திரிபு, முடிச்சு அவிழ்ந்தால் வெளியே வரும். இவை எல்லாம் நம் சொற்கள் என்றால் பெயருக்கு ஏன் அலைய வேண்டும், மீள்வினை என்று வையுங்கள், தாய்வீட்டுக்கு மீண்ட வினை. 1856-ல் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் 1891-ல் கடைசி மூச்சை விட்டது எங்கள் கொடைக்கானலில்தான் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

ஊட்டி மொழிபெயர்ப்பாளர்:

கால்டுவெல் கொடைக்கானலில் இறந்தது உண்மை. அதனால் ‘அப்’ தமிழாகிவிடாது. ஆங்கில ‘அப்’புக்குச் சொந்தக்காரன் வடமொழி ‘உப’, உபதலைவரில் இருக்கிறதே அதுதான். இரண்டும் இந்தோ ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் மேலே ஏறியது, நம்மிடம் வந்து தலைவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்திருக்கிறது.

வடமொழி என்றதும் ஞாபகம் வந்தது. ஆகாரம், சங்காரம், பரிகாரம் மூன்றும் ஒரே தாதுவின், அதாவது வினை வேரின், பிள்ளைகள். முன்னால் நிற்கும் உபசர்க்கம் மாறினால் சாப்பாடு அழிவாகிறது, அழிவு நிவர்த்தியாகிறது. ஆங்கிலம் அந்தத் துண்டைப் பின்னால் வைத்துக்கொள்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

குன்னூர் புலவர் ஐயா:

உபசர்க்க வினை என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், நான் குழுவைவிட்டு விலகிவிடுவேன்.

வெலிங்டன் சார்:

பின்னால் என்றதும் சொல்லிவிடுகிறேன். நம் மலை ரயிலில் எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சட்டத்தைக் கடித்துக்கொண்டு பின்னாலிருந்து தள்ளித்தான் மேலே ஏற்றுகிறது, 1899-லிருந்து இப்படித்தான். ‘அப்’, ‘ஆஃப்’ எல்லாம் அந்த எஞ்சின் மாதிரிதான், சின்னதாகப் பின்னால் நிற்கும், வண்டி எங்கே போகும் என்பது அதன் கையில். ஆகவே தள்ளுவினை.

இன்னொரு விஷயம், கையேட்டில் ‘பாஸ் அவுட்’டைக் கட்டாயம் சேருங்கள். எங்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் பயிற்சி முடித்தவர்களுக்கு பாஸிங் அவுட் பரேடு உண்டு, அது சரியான வழக்கு. நம் ஊர்ப் பட்டதாரிகளும் ‘நான் 2010-ல் பாஸ் அவுட்’ என்கிறார்கள், இங்கே எல்லோருக்கும் புரியும். அதையே லண்டனில் சொன்னால் 2010-ல் மயங்கி விழுந்தாயா என்று கேட்பார்கள்.

கோத்தகிரி டீச்சர்:

இரண்டு நாளாக மழை, கரண்டும் இல்லை நெட்டும் இல்லை. இன்றைக்குத்தான் எல்லாவற்றையும் படித்தேன். வெலிங்டன் சார், தள்ளுவினை என்று போட்டால் பசங்கள் என்னையே தள்ளிவிடுவார்கள். ‘பாஸ் அவுட்’ சேர்த்தாயிற்று.

நெட் இல்லாத நேரத்தில் வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டு ‘எடு’ என்று பலகையில் எழுதி, இது சேர்ந்து வரும் வினைகளைச் சொல்லுங்கள் என்றேன். தேர்ந்தெடு, தத்தெடு, படமெடு, ஓய்வெடு என்று கொட்டினார்கள். இதில் எதையாவது கையால் எடுக்கிறோமா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ‘புட் ஆஃப்’ எழுதினேன், அந்தப் ‘பிறகு பார்’ பையனே ‘தள்ளிப்போடு மிஸ்’ என்றான். பாருங்கள், அங்கே ‘புட்’, இங்கே ‘போடு’. அங்கே ‘ஆஃப்’ விலக்குகிறது, இங்கே ‘தள்ளி’ விலக்குகிறது. ‘லுக் ஆஃப்டர்’ பார்த்துக்கொள். ‘கிவ் அப்’ விட்டுவிடு. ‘ட்ரிங்க் அப்’ இருக்கிறதே, அதில் ‘அப்’ மேலே இல்லை, மிச்சம் வைக்காமல் முடி என்பதுதான், நாம் குடித்துவிடு என்கிறபோது ‘விடு’ செய்கிற வேலை அதுதான். நாம் துணைவினையிடம் கொடுக்கிற வேலையை அவர்கள் இந்தக் குட்டிச் சொல்லிடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பிலேயே தனிவினை, கூட்டுவினை, துணைவினை படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆகவே புதுச் சொல் எதுவும் வேண்டாம், கூட்டுவினை என்றே போடலாம் என்று தோன்றுகிறது. என்ன சொல்கிறீர்கள்?

குன்னூர் புலவர் ஐயா:

தள்ளிப்போடு என்பதில் இரண்டும் வினை. ‘புட் ஆஃப்’ என்பதில் ஒன்றுதான் வினை. கண்டுபிடி, கேள்விப்படு இவையெல்லாம் கூட்டுவினை என்று படித்த பிள்ளை ‘ஆஃப்’ என்பதும் வினை என்று எண்ணிவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? புரிகிறது என்பதற்காகத் தவறான பெயரை வைக்கக் கூடாது. சரியான பெயரை வைத்தால் நாளடைவில் புரியும்.

ஊட்டி மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, நம் சனங்கள் அதை வினையாக்கி ரொம்ப நாளாகிறது. ‘டர்ன்’, ‘ஸ்விட்ச்’ எல்லாவற்றையும் ஆங்கிலத்திடமே விட்டுவிட்டு வெறும் ‘ஆஃப்’பை எடுத்துக்கொண்டு ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்கிறோம். அங்கே வினை தலை, இது வால். இங்கே வாலைத் தலையாக்கிப் ‘பண்ணு’ என்று நாமே ஒரு வாலும் வைத்துவிட்டோம். பிக்கப், செக்கப், செண்டாஃப் எல்லாம் பெயராகவே ஆகிவிட்டன, பர்லியாறு ஏற்றத்தில் வண்டிக்குப் பிக்கப் இல்லை என்கிற டிரைவரிடம் போய் அது ஒட்டுவினை என்று சொல்லிப் பாருங்கள். கூட்டுவினைக்கு என் ஓட்டு. சொற்றொடர் வினையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வில்பட்டி நர்சரிக்காரர்:

கூட்டுக்கே என் ஓட்டும். கூட்டு என்றால் சேரவும் செய்யலாம், வேண்டாத நேரம் பிரியவும் செய்யலாம்.

தாண்டிக்குடி அண்ணன்:

மீள்வினையை யாரும் சீந்தவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். சேர்வினை என்றாலாவது பரவாயில்லை.

வெலிங்டன் சார்:

கூட்டுவினை. தள்ளுவினையை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

கோத்தகிரி டீச்சர்:

சரி, நேரமாகிவிட்டது, மூன்று பேர் கூட்டுவினை என்கிறார்கள், நான் நாலாவது. தலைப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஐயாவின் மனக்குறை புரிகிறது, அதற்காக முதல் பத்தியிலேயே ‘ஆங்கிலக் கூட்டுவினையில் இரண்டாவது வருவது வினை அன்று, இடைச்சொல்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அச்சான முதல் படியின் போட்டோ இதோ. எல்லோருக்கும் நன்றி.

குன்னூர் புலவர் ஐயா:

படம் கண்டேன். இடைச்சொல் வரிக்கு நன்றி. ஆனால் தலைப்பில் கூட்டு, வினை இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். அப்படிப் பிரித்தால் நாலு பேர் கூடிச் செய்த காரியம் என்று பொருளாகிவிடும். அடுத்த பதிப்பிலாவது ஒட்டிப் போடச் சொல்லுங்கள். ஒட்டி என்று எழுதியிருக்கிறேன், கவனிக்கவும்.