பழைய போட்டுக்கு எந்த எஞ்சின் போடலாம்?

வணக்கம். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் ஏரியில எங்க 14 அடி ஃபைபர் போட் சும்மா கிடக்கு. 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், பிஸ்டன் ஜாமாகிப் போன மாசம் கண்ணை மூடிடுச்சு. அதே பவர்ல ஃபோர் ஸ்ட்ரோக் பார்த்தா எடை கூடுது; எஞ்சின் மாட்டுற பின்பலகையோ ஊறிப்போய், அமுக்கினா மெத்துனு இருக்கு (அதை முதல்ல மாத்தணும், தெரியும்).

9.9 குதிரைத்திறன் போதும்ங்கிறார் மச்சான். அவர் ஓட்டுறது ராமேஸ்வரம் கடல்ல! இங்கே சுமார் 1,800 மீட்டர் உயரம், காத்து லேசு. எஞ்சின் பலத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு காணாமப் போயிடும். கார்புரேட்டர்னா ஜெட் (பெட்ரோல் வர்ற சின்னத் துளை) மாத்தணும். இன்ஜெக்‌ஷன் எஞ்சின்னா பெட்ரோல்-காத்து கலவையைத் தானே சரிபண்ணிக்கும், போன பலம் மட்டும் திரும்பாது.

பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னே தள்ளுற தூரம்) குறைஞ்ச புரொப்பெல்லர் போட்டா 9.9 நாலு பேரை இழுக்குமா? பலகை உயரம் 15 அங்குலம், அதனால ஷார்ட் ஷாஃப்ட் (குட்டைத் தண்டு) எஞ்சின்தான். மலை ஏரியில ஓட்டினவங்க யாராவது சொல்லுங்கண்ணா.