விற்பனைக்கு 5 கம்பி பேஸ் கிற்றார், மட்டக்களப்பு கல்லடி: டெட் ஸ்பொட்டையும் (நோட் சீக்கிரம் மங்கிற இடம்) எழுத வேணுமா?

கல்லடிக் கரை (வியாழன் இரவு):
பதினொரு வருசமா என்னோட இருக்கிற பேஸை விற்கப் போறன். மச்சான் சுவிசில இருந்து கொண்டு வந்து தந்தது. அங்க ஒரு சின்னப் பட்டறையில ஒரே ஆள் கையால செஞ்சது. தலைப்பலகையில பெரிய கம்பனிப் பேர் ஒண்டும் இல்ல. ஃபென்டர், மியூசிக்மேன் எண்டா பேரைக் கேட்ட உடனே விலை தெரியும். இதுக்கு அப்பிடி இல்ல, அதால ஓசையை நான்தான் எழுத்தில சொல்ல வேணும்.

ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்) 35 அங்குலம், 24 பிரெட் (விரற்பலகையில பதிச்ச உலோகக் கோடு). ஆஷ் உடம்பு, மேப்பிள் நெக், கருங்காலி விரற்பலகை. ரெண்டு பிக்கப். 9 வோல்ற் பற்றரி ரெண்டு போட்டு 18 வோல்ற்றில ஓடுற பிரீஅம்ப், பற்றரி இல்லாம வாசிக்க பசிவ் சுவிச்சும் இருக்கு. நிறை 4.5 கிலோ. கேஸோட 8 இலட்சம்.

ஏன் விற்கிறன் எண்டா, இடது மணிக்கட்டு வலி. 35 அங்குல நெக்கில முதலாம் பிரெட்டுக்குக் கை நீட்டி ஒரு மணித்தியாலம் வாசிச்சா, அடுத்த நாள் தேத்தண்ணிக் கோப்பையும் தூக்க ஏலாமல் கிடக்கு.

இனி ஓசை. லோ பீயை, அதாவது ஆகக் கீழ் சுருதியில இருக்கிற ஐந்தாங் கம்பியை, பிரெட் ஒண்டும் பிடிக்காம அடிச்சா, அடியும் சுருதியும் ஒண்டா வரும். எத்தினையோ ஐந்து கம்பி பேஸில முதல்ல "டப்" எண்டு ஒரு அடி கேட்டு, மறுகாதான் சுருதி எழும்பி வரும். இதில கூத்து மத்தளத்தின் இடந்தலையில உள்ளங்கை விழுற மாதிரி, விழுந்த இடத்திலேயே சுருதி நிற்கும். ரெண்டு பிக்கப்பையும் முழுசாத் திறந்தா நடுச்சத்தம் கொஞ்சம் குழியும், பெருவிரலால அடிச்சு வாசிக்கிற ஸ்லாப்புக்கு நல்லது. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் விட்டா மூக்கால பேசும், ஆனா ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாத் தெரியும்.

ஒரு குறை. ஜீ கம்பி 6ஆம் பிரெட், அதாவது சீ ஷார்ப், டெட் ஸ்பொட். பக்கத்து நோட்டுகள் நிண்டு கேட்கும், இது ரெண்டு செக்கனுக்குள்ள மங்கிப் போகும். கல்லடியில துடுப்பைத் தண்ணியில இறக்கி மற்ற முனையில காதை வச்சு மீன்பாட்டுக் கேட்பாங்களே, அதே மாதிரி பேஸின் மேல்கொம்பில காதை வச்சு சீ ஷார்ப்பை அடிச்சுப் பாருங்க. சத்தம் கம்பியை விட்டு மரத்துக்குள்ள இறங்கிறது தெளிவாத் தெரியும்.

கல்முனை அஞ்சாங்கம்பி:
அண்ணே, மத்தளம், மீன்பாட்டு எல்லாம் வாசிக்க நல்லா இருக்கு. ஆனா ஓசையை எழுத்தில வாங்கி நான் ஒருக்காச் சூடுபட்டவன். கொழும்பில ஒருத்தர் "பியானோ மாதிரி லோ பீ" எண்டு எழுதியிருந்தார். அதை நம்பி அதிகாலை பஸ் எடுத்துப் போய், காசு கட்டி, இரவு வீட்ட வந்து என்ர அம்ப்பில செருகினா, பீ கம்பி நனைஞ்ச கொடிக்கயிறு மாதிரித் தொங்குது. அவர்ர வீட்டில சின்ன அம்ப்பில கேட்ட நேரம் எனக்கு அது விளங்கல்ல. நாலு வருசம் சேர்த்த காசு. அதால எனக்கு உவமை வேணாம், ஒலிப்பதிவு போடுங்க. காதால கேட்டுத்தான் முடிவு எடுப்பன்.

சந்தைக்காரன்:
கல்லடித் தம்பி, நான் பழைய கிற்றார், கீபோட் வாங்கி விற்கிறவன், உங்கட நன்மைக்குச் சொல்லுறன். அந்தக் கடைசிப் பந்தியை இண்டைக்கே எடுத்து விடுங்க. ஜீ கம்பி 5ஆம், 6ஆம், 7ஆம் பிரெட் பக்கம் டெட் ஸ்பொட் இல்லாத போல்ட் போட்ட நெக் எங்க இருக்கு? எல்லாரிட்டயும் இருக்கிற ஒண்டை நீங்க மட்டும் எழுதினா, உங்கடதில மட்டும்தான் பழுது எண்டு சனம் நினைக்கும். பேர் இல்லாத பேஸுக்கு 8 இலட்சம் கேட்கிறதே கஷ்டம். இந்த ஒரு வரியால ஒரு இலட்சம் இறங்கும். வாறவர் வாசிச்சுப் பார்க்கட்டும், அவருக்குத் தெரிஞ்சா தெரியட்டும்.

சம்மாந்துறை சவுண்ட்:
ஒலிப்பதிவு கேட்ட தம்பிக்கு ஒரு விசயம். நான் இருபது வருசமா நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கிச் செற் போடுறன். லோ பீயின் அடிச்சுருதி 30.87 ஹேர்ட்ஸ், ஈ கம்பி 41.2. போனுக்குள்ள இருக்கிற ஸ்பீக்கருக்கு அந்த ஆழத்தில சத்தமே வராது. 61, 92 ஹேர்ட்ஸ் மேற்சுருதிகளும் அதில சரியா வராது, நீங்க போனில கேட்கிறது அதுக்கும் மேல உள்ள மேற்சுருதிகளைத்தான். அடியில இல்லாததை மூளை தானே நிரப்பிக் கொள்ளும். அதால நல்ல பீயும் தொங்குற பீயும் போனில ஒரே மாதிரித்தான் கேட்கும். பெரிய செற்றிலயும் 10 அங்குல ஸ்பீக்கர் பெட்டி கன பேருக்கு 40 ஹேர்ட்ஸுக்குக் கீழ சரிஞ்சிடும். கல்லடி அண்ணன் எழுதினாரே, அடியும் சுருதியும் ஒண்டா வருது எண்டு, அந்த ஒரு வரி பத்து வீடியோவுக்குச் சமன். கம்பியைத் தொட்ட ஆள்தான் அப்பிடி எழுதுவார்.

கல்முனை அஞ்சாங்கம்பி:
நானா, நீங்க சொல்லுறது சரி, போனைப் பத்தி நான் யோசிக்கல்ல. ஆனா எழுத்து எண்டா அதுக்கு ஒரு அளவு வேணும். எந்தக் கம்பி, எத்தினை மாசம் பழசு, எந்த அம்ப், ஈக்யூக் குமிழ் (பாஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைக்கிறது) எங்க நிக்குது எண்டு இல்லாம "மத்தளம்" எண்டா, அது அவர்ர அறையின் ஓசையா பேஸின் ஓசையா? புதுக் கம்பியில எந்த பேஸும் ரெண்டு கிழமைக்கு மினுங்கும். கடற்கரை ஊரில அது ஒரு மாசமும் தாங்காது. என்னை ஏமாத்தினவரும் பொய் சொல்லல்ல எண்டுதான் இப்ப நினைக்கிறன். பாஸ் குமிழைக் கூட்டி வச்சிட்டு, தான் கேட்டதை எழுதியிருப்பார்.

கல்லடிக் கரை:
தம்பி கேட்டது நியாயம். முதல்லயே எழுதியிருக்க வேணும்.

கம்பி நிக்கல், 45 முதல் 130 வரை, போட்டு மூண்டு மாசம். எங்கட வீட்டில இருந்து கடல் நடந்து போற தூரம், அதால வாசிச்சு முடிஞ்ச ஒவ்வொரு நாளும் பருத்தித் துணியால துடைப்பன், இல்லாட்டி பிரிட்ஜ் ஸ்குரூவும் துரு பிடிக்கும். மேல எழுதினது முழுக்க பசிவில, டோன் முழுசாத் திறந்து, 12 அங்குல கொம்போவில (அம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில) எல்லாக் குமிழும் நடுவில நிக்கக் கேட்டது. அறை 12 அடிக்கு 14 அடி, சீமெந்துத் தரை. மழைகாலம் தொடங்கக்குள்ளயும் முடியக்குள்ளயும் நெக்குக்குள்ள இருக்கிற ட்ரஸ் றொட்டை (நெக்கை நேரா வச்சிருக்கிற உலோகக் கம்பி) கால் திருகு திருப்ப வேணும். இதுவரைக்கும் ஒரு நெக்குக் கோணலும் வரல்ல.

பீ தொங்காததுக்கு ஸ்கேலும் ஒரு காரணம். அதே கம்பியை அதே சுருதிக்கு 34 அங்குலத்தில கட்டுறதை விட 35இல கட்டினா இழுவை 6 வீதம் கூடும். அந்த ஒரு அங்குலம்தான் என்ர மணிக்கட்டையும் முடிச்சது.

புளியந்தீவு வயலின்:
நான் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினும் மண்டலினும் கேட்டு வளர்ந்தவன். அறுபது வயது தாண்டிவிட்டது. தம்பிமாரே, இவ்வளவு காசு கொடுத்து ஐந்தாவது கம்பி எதற்கு? 1951இல் ஃபென்டர் பிரெசிஷன் பேஸ் வந்தபோது நாலு கம்பிதான். உலகம் முழுவதும் அதிலேதான் வாசித்தார்கள். பைலாவுக்கு வேண்டியது தாளத்தில் விழுகிற விரல். நல்ல கையில் மலிவான பேஸும் பாடும். 8 இலட்சம் பேஸை நல்ல கை இல்லாதவன் எடுத்தால் 8 இலட்சத்துக்குப் பிழை விடுவான். ஓசை மரத்தில் இல்லை, விரல் நுனியில் இருக்கிறது.

கல்முனை அஞ்சாங்கம்பி:
ஐயா, கை முக்கியம் எண்டதை மறுக்கல்ல. ஆனா நாலு கம்பி போதும் எண்டதை ஏற்க மாட்டன். எங்கட குழுவில பாடுற தங்கச்சிக்கு டீ சுருதிதான் வசதி. நாலு கம்பியில கீழ் டீ இல்ல, ஈயோட நிண்டிடும். பல்லவி முடிஞ்சு வந்து விழ வேண்டிய நோட்டை ஒரு ஸ்தாயி மேல வாசிச்சா, கட்டிடத்தின் அத்திவாரத்தை முதலாம் மாடியில போட்ட மாதிரி இருக்கு. ஐந்து கம்பியில அது பீ கம்பி 3ஆம் பிரெட். கீபோட்காரர் இடது கையில அந்த டீயைப் பிடிக்கக்குள்ள நான் மேல நிண்டா, ரெண்டு பேரும் வேற வேற வீட்டில இருக்கிற மாதிரி. என்ர கை எவ்வளவு நல்லா இருந்தாலும் இல்லாத நோட்டை வாசிக்க ஏலாது ஐயா.

சம்மாந்துறை சவுண்ட்:
ஐயாட கதையில ஒரு உண்மை இருக்கு. மட்டக்களப்பு வெபர் மைதானம் மாதிரித் திறந்த வெளியில, சப் (அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) இல்லாத செற்றில, ஐந்தாங் கம்பியின் அடி சனத்துக்குப் போய்ச் சேராது. 30 ஹேர்ட்ஸ் அலை ஒண்டு 11 மீற்றர் நீளம், அதைத் தள்ள பெட்டி வேணும், பவர் வேணும். ஆனா சப் இருந்தா, நல்ல பீயும் கெட்ட பீயும் எனக்கு மிக்ஸரில உடனே தெரியும். கெட்ட பீ எண்டா சிவப்பு லைற் அடிக்கும், காதுக்கு ஒண்டும் வராது.

சந்தைக்காரன்:
எல்லாரும் சுருதி பேசுறீங்க, விற்கிற ஆளை ஒருத்தரும் நினைக்கல்ல. மணிக்கட்டு வலியோட ஒரு மனுசன் பேஸை விற்கிறார், அவருக்குக் காசு தேவை. டெட் ஸ்பொட் வரியை வாசிச்சுப்போட்டு ரெண்டு பேர் என்னட்ட தனியாக் கேட்டாங்க, "பழுதான பேஸாமே" எண்டு. நான் விளங்கப்படுத்தினன், அவங்க கேட்கல்ல. இதைத்தான் முதல்லயே சொன்னன்.

கல்லடிக் கரை:
அண்ணே, உங்கட அக்கறை விளங்குது. ஆனா நான் இதை ஞாயிறு ஆராதனையில வாசிக்கிறவன். சீ ஷார்ப்பில நிற்கிற பாட்டு வந்தா 6ஆம் பிரெட்டை விட்டிட்டு டீ கம்பி 11ஆம் பிரெட்டுக்குப் போவன், அங்க அதே நோட் நல்லா நிற்கும். பதினொரு வருசமா என்ர கை அந்தக் குழியைச் சுத்தி நடந்து பழகியிருக்கு. வாங்குறவருக்கு அது தெரியாது. அவர் மேடையில நிண்டு நோட் செத்துப் போற நேரம் தன்ர விரலைத்தான் குற்றம் சொல்லுவார். அதைச் சொல்லாம வித்தா எனக்கு நித்திரை வராது. 8 இலட்சம் 7 ஆனாலும் பரவாயில்ல.

புளியந்தீவு வயலின்:
இந்த விடயத்தில் நான் கல்லடித் தம்பியின் பக்கம். வயலினிலும் ஓநாய்ச் சுருதி என்று ஒன்று உண்டு, ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் நடுங்கி உறுமும், நல்ல வயலினிலும் வரும், விற்பவன் அதைக் காட்டித்தான் கொடுப்பான். கல்முனைத் தம்பிக்கு ஒரு சோதனை சொல்கிறேன். தச்சரிடம் உள்ள சிறிய கிளாம்ப் ஒன்றைத் துணி சுற்றித் தலைப்பலகையில் இறுக்குங்கள். அந்தப் பாரத்தால் செத்த நோட் வேறு பிரெட்டுக்கு நகர்ந்தால், அது நெக்கின் இயல்பான அதிர்வு. நகரவே இல்லை என்றால் பிரெட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அதைத் திருத்தலாம்.

கல்முனை அஞ்சாங்கம்பி (ஞாயிறு இரவு):
நேற்று கல்லடிக்குப் போனன். என்ர அம்ப்பையும் கிளாம்ப்பையும் கொண்டு போனன். ரெண்டரை மணித்தியாலம் இருந்தன், அக்கா இடியப்பமும் தந்தா.

லோ பீ அண்ணன் எழுதின மாதிரியே. ஒரு இடத்தில மட்டும் எனக்கு வேற மாதிரிக் கேட்டுது. பீ கம்பியில 10ஆம் பிரெட்டுக்கு மேல போனா மத்தளம் இல்ல, பானையைத் தட்டின மாதிரி ஓசை மூடும். அங்க நான் வாசிக்கிறது குறைவு, ஆனாலும் அடுத்தவருக்குத் தெரிய எழுதுறன். சீ ஷார்ப் அவர் சொன்ன மாதிரி ரெண்டு செக்கன். கிளாம்ப் போட்டதும் செத்த இடம் 5ஆம் பிரெட்டுக்கு இறங்கிச்சு. அப்ப நெக்தான், பிரெட் இல்ல. மேல்கொம்பில காதையும் வச்சுப் பார்த்தன் அண்ணே. சத்தம் தோள்பக்கமா ஓடிப் போகுது.

7 இலட்சத்து 60 ஆயிரம் கேட்டிருக்கன். நாலு வருசத்துக்கு முதல் அந்த மனுசன் பீயைப் பத்தி இப்பிடி எழுதியிருந்தா நான் அந்த பஸ்ஸில ஏறியிருக்க மாட்டன்.

சந்தைக்காரன்:
40 ஆயிரம் இறங்கிட்டுது பாருங்க. அந்த வரி இல்லாட்டி முழு விலைக்கும் போயிருக்கும் எண்டுதான் இப்பவும் சொல்லுவன். ஆனா நல்ல கைக்குப் போகுது, அது சந்தோசம்.

கல்லடிக் கரை:
சரி தம்பி, 7.6க்குத் தாறன். புதுக் கம்பி செற் ஒண்டு கிடக்கு, அதையும் கேஸுக்குள்ள வைக்கிறன். பீ கம்பி 10ஆம் பிரெட் விசயத்தை நான் கவனிக்கல்ல, இண்டைக்குப் பின்னேரம் வாசிச்சுப் பார்த்தன், நீங்க சொன்னது சரி. வாற ஞாயிறு ஆராதனையில ஒருக்கா வாசிச்சுப்போட்டு, திங்கள் காலையில நானே கல்முனைக்குக் கொண்டு வாறன். பஸ்ஸில ஏத்திக் கொண்டு போகாதீங்க.