மகளை ஊருக்கு அழைத்துச் சென்ற கணவர் திருப்பி அனுப்ப மறுக்கிறார்: எந்த நீதிமன்றத்தை அணுகுவது?

பொருநைமகள் கேட்டது:

டெக்சாஸில் டல்லாஸுக்கு அருகே வசிக்கிறேன். மே மாதக் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கியதும், என் கணவர் எங்கள் ஆறு வயது மகளைத் திருநெல்வேலியில் இருக்கும் தன் பெற்றோரிடம் அழைத்துச் சென்றார். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஜூலை இறுதியில் திரும்புவதற்கு டிக்கெட்டும் எடுத்திருந்தார். ஜூலை நடுவில் வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது: "நாங்கள் இனி அங்கே வருவதாக இல்லை. வேண்டுமானால் நீ வா." எங்களுக்குள் மனத்தாங்கல் இருந்தது உண்மைதான். ஆனால் விவாகரத்துப் பேச்சு ஒருநாளும் எழுந்ததில்லை.

மகள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள். அவளுடைய பாஸ்போர்ட்டும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையும் அவரிடம் இருக்கின்றன. போன வாரம் வீடியோ அழைப்பில் இரட்டைச் சடையும் பச்சை ரிப்பனுமாக வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் பள்ளி அடையாள அட்டை தொங்கியது. அதில் தாயின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் பாட்டி போனைத் திருப்பிவிட்டார். அவளைப் பள்ளியில் சேர்த்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

உறவினர் ஒருவர் காவல் நிலையத்தில் கேட்டதற்கு, "அப்பாவிடம்தானே இருக்கிறாள், இதில் கடத்தல் எங்கே வந்தது?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஹேக் ஒப்பந்தம் என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். அது எனக்கு உதவுமா? வழக்கை இங்கே போடுவதா, அங்கேயா? "நேரில் போய் அழைத்துக்கொண்டு வந்துவிடு" என்று தோழிகள் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

மதுரை வழக்கறிஞர்:

தங்கையே, முதலில் காலண்டரைப் பாருங்கள். ஒரு குழந்தையின் பொறுப்பை எந்த மாநில நீதிமன்றம் தீர்மானிக்கலாம் என்பதை டெக்சாஸ் குடும்பச் சட்டத்தின் 152ஆம் அத்தியாயம் சொல்கிறது. குழந்தை குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து வாழ்ந்த இடமே அதன் சொந்த மாநிலம். குழந்தை வெளியேறிய பிறகும், பெற்றோரில் ஒருவர் அங்கேயே இருந்தால், ஆறு மாதத்துக்குள் அங்கே வழக்குத் தொடரலாம். மே கடைசியில் போனாள் என்றால் உங்களுக்கு நவம்பர் கடைசி வரைதான் அவகாசம். இது செப்டம்பர். இந்த வாரமே அங்குள்ள குடும்ப வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஹேக் ஒப்பந்தம் உங்களுக்கு உதவாது. பெற்றோரில் ஒருவர் வேறு நாட்டுக்குக் கொண்டுபோன குழந்தையை, அது வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வைக்கும் ஒப்பந்தம் அது. 1980இல் உருவான அந்த ஒப்பந்தத்தில் அமெரிக்கா இருக்கிறது, இந்தியா இல்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009இல் பரிந்துரைத்தது. 2016இல் ஒரு மசோதாவின் வரைவும் வந்தது. நீதிபதி ராஜேஷ் பிண்டல் தலைமையிலான குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. எதுவும் சட்டமாகவில்லை. கணவனின் அடி உதைக்குப் பயந்து குழந்தையோடு தாய்வீட்டுக்கு ஓடிவரும் பெண்களை இந்த ஒப்பந்தம் திரும்பவும் அங்கேயே தள்ளிவிடும் என்ற அச்சம் பெரிய தடை. அப்படி வந்த பெண்களுக்காக நானே வாதாடியிருக்கிறேன். அந்த அச்சத்தை அற்பமென்று ஒதுக்க என்னால் முடியாது. ஆனால் உங்களைப் போன்றவர்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறீர்கள்.

இந்தியாவில் உங்களுக்கு உள்ள வழி ஆட்கொணர்வு மனு, அதாவது பிறர் வசம் இருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. திருநெல்வேலி மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது, ஆகவே மனுவை மதுரையில் போட வேண்டும். தந்தையிடம் இருக்கும் குழந்தைக்கு ஆட்கொணர்வா என்று யாராவது கேட்டால் கலங்காதீர்கள். குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் இந்த மனு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது.

டெக்சாஸ் உத்தரவு கையில் இருந்தால் மட்டும் வென்றுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கோயம்புத்தூருக்கு அழைத்துவரப்பட்ட இரண்டு சிறுமிகளை இங்கிலாந்துக்குத் திரும்ப அழைத்துச் செல்லும்படி 2015இல் உத்தரவிட்டபோது, வெளிநாட்டு நீதிமன்றத்தின் ஆணைக்கு உச்ச நீதிமன்றம் பெரிய மதிப்புக் கொடுத்தது. 2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. குழந்தையின் நலனே முதன்மையானது, வெளிநாட்டு உத்தரவு கருத்தில் கொள்ள வேண்டியவற்றுள் ஒன்று மட்டுமே என்றது. இன்றைக்கு வழக்குகள் அந்தக் கோட்டில்தான் நடக்கின்றன. அதற்காக மனம் தளர வேண்டாம். தந்தை தமிழ்நாட்டுக்கு அழைத்துவந்த, அமெரிக்கக் குடியுரிமை உள்ள இரு பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைக்க 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தத் தாயின் கையில் ஒஹாயோ நீதிமன்றத்தின் உத்தரவு ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் டெக்சாஸில் முந்துங்கள் என்கிறேன்.

அந்த அடையாள அட்டை எனக்குக் கவலை தருகிறது. 2009இல் வந்த ஒரு தீர்ப்பில், தாய் சிறுவனோடு ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தார். சிபிஐ அவர்களைச் சென்னையில் கண்டுபிடித்தது. இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தும், பையன் எங்கேயும் வேர்விடவில்லை என்று கண்டு அமெரிக்காவுக்கே திரும்பச் சொன்னார்கள். உங்கள் மகள் ஒரே வீட்டில், ஒரே பள்ளியில் இருக்கிறாள். பருவத் தேர்வு எழுதுவாள், தோழிகள் சேர்வார்கள். ஒவ்வொரு மாதமும் எதிர்த்தரப்பின் வாதம் வலுக்கும்.

போய்த் தூக்கிக்கொண்டு வரும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. விமான நிலையத்தைத் தாண்ட முடியாது. தெருவில் நடக்கும் இழுபறி உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும், குழந்தையும் மிரண்டுவிடும்.

வடமராட்சியான்:

லண்டனிலிருந்து எழுதுகிறேன் தங்கச்சி. என் மருமகனை அவனுடைய தகப்பன் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிச்சென்று அனுப்ப மறுத்தபோது எங்களுக்கு ஹேக் வழி இருந்தது. இலங்கை 2001இல் ஒப்பந்தத்தில் சேர்ந்து, அதே ஆண்டில் தனிச் சட்டமும் இயற்றியது. ஹேக் விண்ணப்பங்களைக் கவனிக்கும் இங்குள்ள மத்திய அதிகார அமைப்பில் விண்ணப்பித்தோம், அவர்கள் கொழும்பில் உள்ளவர்களோடு தொடர்புகொண்டார்கள். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்விக்கே அங்கே போகவில்லை. எந்த நாட்டு நீதிமன்றம் அதைத் தீர்மானிப்பது என்பதோடு விசாரணை நின்றது. ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் வாய்ப்பு அதிகம். இதே கணவர் திருநெல்வேலிக்குப் பதிலாகத் திருகோணமலைக்குப் போயிருந்தால் உங்களுடைய வழக்கே வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. விடுமுறைக்குச் சம்மதிக்கும்போது போகும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் முகவரி மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். புருஷன் பெண்சாதிக்குள் எதற்குக் கடிதம் என்று கூச்சப்படாதீர்கள்.

ஏழு வயதில் வந்தவள்:

அக்கா, எனக்குச் சட்டம் தெரியாது. ஏழு வயதில் சிங்கப்பூரிலிருந்து என்னை அப்பா கூட்டிவந்தார். இப்போது வேலைக்குப் போகிறேன். அம்மா ஒவ்வொரு அழைப்பிலும் "உனக்கு அம்மா வேண்டாமா?" என்று கேட்டு அழுவார். அறையில் அத்தை உட்கார்ந்திருப்பார். நான் என்ன பதில் சொல்ல முடியும்? அழைப்பு வரும் நேரம் நெருங்கினாலே வயிறு வலிக்கும். கடைசியில் போனை எடுக்கவே மறுத்தேன். அதையே "குழந்தைக்குத் தாயோடு பேச விருப்பமில்லை" என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள்.

நீங்கள் அவளிடம் வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த கதைப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அழைப்பை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள்.

பொருநைமகள்:

மூவருக்கும் நன்றி. இரவே இங்கே ஒரு வழக்கறிஞருக்கு எழுதினேன்; வெள்ளிக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார். மதுரை அக்காவிடம் இரண்டு சந்தேகங்கள். மனுவுக்கு நான் நேரில் வர வேண்டுமா? பெற்றோர் பிள்ளையை வெளிநாட்டில் வைத்துக்கொள்வது இங்கே குற்றம் என்கிறார்கள். புகார் கொடுக்கட்டுமா?

மதுரை வழக்கறிஞர்:

தாக்கல் செய்ய நேரில் வர வேண்டியதில்லை. உங்கள் தந்தைக்கோ அண்ணனுக்கோ அதிகாரப் பத்திரம் கொடுத்து, ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். நீதிபதிகள் குழந்தையைத் தனியே அழைத்துப் பேசும் நாளில் மட்டும் நீங்கள் கட்டாயம் மதுரையில் இருக்க வேண்டும்.

குற்றப் புகாரை இப்போது நிறுத்தி வையுங்கள். 1993ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கைதாவோம் என்று பயந்தால் அவர் குழந்தையோடு திரும்பவே மாட்டார். சமரசத்துக்கான கதவும் மூடிக்கொள்ளும். அதற்குப் பதில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் குழந்தைகள் பிரிவில் பதிவு செய்யுங்கள். மகள் பெயரில் புதிய அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் வந்தால் உங்களுக்குத் தெரிவிப்பார்கள். சென்னைத் தூதரக அதிகாரிகள் அவளை நேரில் பார்த்துவரவும் கேட்கலாம்; அதற்குத் தந்தை சம்மதிக்க வேண்டும். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

ரிட்டர்ன் டிக்கெட், ஜூலை மாத வாட்ஸ்அப் செய்தி, டெக்சாஸ் பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, குழந்தை மருத்துவரின் குறிப்புகள் எல்லாவற்றையும் சேருங்கள். பயணத்துக்குத்தான் சம்மதித்தீர்கள், இந்தியாவிலேயே தங்குவதற்கு இல்லை என்பதை அந்த டிக்கெட்டும் செய்தியும் சொல்லும். வாட்ஸ்அப் செய்தியைப் படம்பிடித்து வைத்தால் போதாது. 2023ஆம் ஆண்டின் புதிய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். மகள் திரும்பினால் நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள், உங்கள் விசா எதுவரை செல்லும் என்று அமர்வு நிச்சயம் கேட்கும். வெள்ளிக்கிழமைக்குள் அதற்கான பதிலை எழுதிக்கொண்டு போங்கள்.