காணிப் பங்கு கைக்கு வருமுன் கடன் நெருக்குதல்

கோண்டாவில் வாசகி:
அப்பா மரணசாதனம் (உயில்) எழுதாமல் காலமானதால், காணி தொடர்பான வழக்கு யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் நடைபெறுகிறது. இதற்கிடையில், பிணையின்றி நான் பெற்ற கடனுக்காக நிதிக் கம்பனி ஒன்றின் ஆட்கள் இரவிலும் வீட்டுக்கு வந்து, அயலவர் கேட்கும்படி ஏசி, என் பங்கை உடனே விற்கச் சொல்கின்றனர். நான் என்ன செய்யலாம்?

கரவெட்டியான்:
தங்கச்சி, பிணையற்ற கடனுக்கு நீதிமன்றத் தீர்ப்பும் கட்டளையும் இல்லாமல் அவர்களால் உங்கள் காணியைத் தொட முடியாது. அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். பிரிக்கப்படாத பங்கை வெளியாருக்கு விற்பதாயின், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் முன்கொள்வனவு உரிமைப்படி, அதாவது வெளியாருக்கு முன் வாங்கும் உரிமைப்படி (1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம்), கூட்டுரிமையாளரான உங்கள் சகோதரங்களுக்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதைத் தவிர்த்து எழுதும் காணி உறுதி பின்னர் இன்னொரு வழக்காக வந்து நிற்கும். நெருக்கடியில் விற்பவருக்கு நியாய விலை கிடைப்பதும் அரிது.

நல்லூர் அக்கா:
வருபவர்களிடம் வாசலில் தவணை சொல்லாதீர்கள். வழக்கிலக்கத்தையும் உங்களால் உண்மையில் மாதந்தோறும் கட்டக்கூடிய தொகையையும் குறிப்பிட்டு, கம்பனிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். வழக்கு முடியும் திகதியை மட்டும் வாக்களிக்க வேண்டாம். அதை நீதிபதியே சொல்ல மாட்டார். கம்பனி சரியான பதில் தராவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். மிரட்டினால் பொலிசில் முறைப்பாடு பதியுங்கள்.

கரவெட்டியான்:
பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். இந்தக் கடனை அடைக்க கடும் வட்டிக்குக் கடன் கொடுக்கும் மீற்றர் வட்டிக்காரரிடம் போகவும் வேண்டாம்.