பொனேர் தீவில் வழிகாட்டி இல்லாமல் கடலில் இறங்கலாமா?

நெய்தல்வாசி:

சென்ற மாதம் பொனேர் தீவுக்குச் சென்று பத்து நாள் தங்கிவிட்டுத் திரும்பினேன். வெனிசுவேலாக் கரைக்கு வடக்கே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்த டச்சுத் தீவுக்கு ஸ்கூபா முக்குளிப்புக்காகப் போக நினைப்பவர்களுக்கு என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அங்கே வழிகாட்டிக்கும் படகுக்கும் பணம் கொடுப்பது வீண். ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்துப் பின்தட்டில் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு, கூட ஒரு துணையையும் அழைத்துக்கொண்டு, விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் கடலில் இறங்குவதுதான் அந்தத் தீவின் அழகே.

இது மற்ற தீவுகளில் எளிதில் வாய்க்காது. ஆண்டு முழுவதும் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் தீவின் மேற்குக்கரை பெரும்பாலான நாட்களில் குளம்போல் அமைதியாகக் கிடக்கிறது. அந்தக் கரையை ஒட்டியே, சில நிமிடம் நீந்தினால் எட்டிவிடும் தொலைவில், பவளப்பாறைச் சரிவு தொடங்கிவிடுகிறது. சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கல்லில் இடத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லைக் கண்டதும் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டியதுதான். ‘ஆயிரம் படிகள்’ என்று ஓர் இடம் உண்டு. உண்மையில் நூறு படிகூட இல்லை, ஆனால் முக்குளித்துக் களைத்தபின் சிலிண்டரைச் சுமந்துகொண்டு மேலே ஏறுகிறவர்கள் அந்தப் பெயரைக் குறை சொல்வதில்லை. உப்பு ஏற்றும் துறையின் தூண்களுக்கு இடையே ஒரு முழு மணி நேரம், யாரும் என்னை அவசரப்படுத்தாமல், வண்ணக் கடற்பஞ்சுகளையும் நிழலில் அசையாமல் நின்ற பெரிய டார்பன் மீன்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பேர் கொண்ட குழுவில் வழிகாட்டியின் கால்துடுப்புகளைத் துரத்திக்கொண்டு போயிருந்தால் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

திரைகடல்:

நண்பர் நெய்தல்வாசி சொல்லும் இன்பத்தை நானும் அனுபவித்தவன்தான். ஆனாலும் அவருடைய அறிவுரையை ஏற்க முடியவில்லை. 2010இல் ஒருமுறையும் 2024இல் ஒருமுறையும் அங்கே சென்றேன். முதற்பயணத்தில் நான் படமெடுத்த மூளைப்பவளங்களில் சிலவற்றை இரண்டாம் பயணத்தில் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, அவை வெளுத்த சுண்ணாம்புக் குவியல்களாக, மேலே பாசி படர்ந்து நின்றன. கல்பவளத் திசு இழப்பு நோய் 2023இல் அங்கே கண்டறியப்பட்டது. ஒரு மனித ஆயுளுக்கும் மேலாக வளர்ந்த பவளத்தை அது சில வாரங்களில் தின்றுவிடுகிறது. நோய் பரவாதிருக்க அப்போது சில இடங்களைத் தற்காலிகமாக மூடினார்கள். முக்குளிப்போர் தங்கள் கருவிகளைக் கிருமி நீக்கிக் கழுவ வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

இந்த நிலையில், அண்மையில் சான்றிதழ் பெற்ற ஒருவர், மேலெழாமலும் அமிழாமலும் நீருக்குள் நிற்கும் மிதப்புக் கட்டுப்பாடு கைவராத நிலையிலேயே, கேட்பாரின்றி நாளுக்கு நான்கு முறை பாறைமேல் இறங்கலாம் என்பது முறையா? மணல் என்று நினைத்து மண்டியிடும் இடத்தில் பவளக் குஞ்சுகள் இருக்கும். படமெடுக்கும் ஆசையில் ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொள்வார்கள். கூட ஒரு வழிகாட்டி இருந்தால் அந்தக் கையைத் தட்டிவிடுவார். ஐம்பது முக்குளிப்புகளை முடிக்காத எவருக்கும் அங்கே வழிகாட்டியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கட்சி.

நெய்தல்வாசி:

திரைகடல் அவர்களே, பவளம் சாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குக் குற்றவாளியாக யாரை நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் எனக்கு வேறுபாடு. நீங்கள் சொல்லும் நோய் 2014இல் புளோரிடாவில், மயாமியை ஒட்டிய கடலில், முதலில் காணப்பட்டு, பின்னர் கரீபியன் முழுவதும் தீவு தீவாகத் தாவியது. நீரோட்டமும் கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் அடிப்பாரத் தண்ணீரும் அதைச் சுமந்திருக்கலாம் என்றே பெரிதும் ஐயுறுகிறார்கள்; கரையிலிருந்து நீந்திப்போகும் என்னைப் போன்றவன் அதைப் புளோரிடாவிலிருந்து கொண்டுவரவில்லை. 1980களின் தொடக்கத்தில் மான்கொம்புப் பவளங்களை அழித்ததும் ஒரு நோய்தான். 1983இல் தொடங்கி நீண்ட முள் கொண்ட கடல்முள்ளெலிகள் கரீபியன் எங்கும் கூட்டங்கூட்டமாக மாண்டபோது, பாசியை மேய்ந்து பாறையைத் தூய்மையாக வைத்திருந்த உயிரே இல்லாமல் போயிற்று. தரையில் அவிழ்த்துவிட்ட ஆடுகளும் கழுதைகளும் செடிகொடிகளைக் கடித்துத் தீர்ப்பதால், மழை பெய்யும்போது மண் கரைந்து பாறைமேல் படிகிறது. இவற்றில் எதை வழிகாட்டி தடுத்துவிடுவார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே பவளம் இந்த அளவுக்காவது மிஞ்சியதற்கு முக்குளிப்போரே காரணம். 1962இல் பாய்மரக் கப்பலில் வந்திறங்கிய கலிபோர்னியாக்காரர் கேப்டன் டான் ஸ்டூவர்ட், தொடக்கத்தில் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடித்தவர். பிறகு அவரே அதற்கு எதிராகப் பேசினார். 1971இல் ஈட்டி மீன்பிடிப்பும் 1975இல் பவளம் எடுப்பதும் தடைசெய்யப்பட்டன. 1979இல் கரையிலிருந்து அறுபது மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் காப்பகமாயிற்று. பணமில்லாமல் நடுவில் படுத்துவிட்ட அந்தக் காப்பகத்தை 1990களில் நிமிர்த்தி நிறுத்தியது, 1992 முதல் ஒவ்வொரு முக்குளிப்பவரும் கட்டிய பத்து டாலர். இன்று அந்தக் கட்டணம் நாற்பது டாலர். முதல் நாள் விதிகளைக் கேட்டு, ஒரு சோதனை முக்குளிப்பையும் முடித்த பிறகுதான் யாரும் தனியே இறங்க முடியும். ‘கேட்பாரின்றி’ என்று நீங்கள் எழுதியது சரியன்று.

ஆழம்_முப்பது:

பதினைந்து ஆண்டுகளாகப் பயிற்றுநராக இருக்கிறேன். இருவருக்கும் இடையே புகுவதற்குப் பொறுத்தருள வேண்டும். இருவரும் பவளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நீருக்குள் இறங்குகிற ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை.

பொனேரில் பலரும் பார்க்க விரும்பும் ‘ஹில்மா ஹூக்கர்’ கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சா கடத்தியதற்காகப் பிடித்து வைக்கப்பட்டு, 1984 செப்டம்பர் 12 அன்று மூழ்கிய எழுபது மீட்டருக்கும் மேல் நீளமான அந்தச் சரக்குக் கப்பல், மணலில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அங்கே கடலடி ஏறத்தாழ முப்பது மீட்டர் ஆழம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே மேற்பரப்பில் ஏற்கெனவே உள்ள ஒன்றையும் சேர்த்து முப்பது மீட்டரில் நம் மேல் இருப்பது நான்கு மடங்கு அழுத்தம், சிலிண்டரில் உள்ள காற்றும் மேற்பரப்பில் செலவாவதைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் தீர்கிறது. கரையிலிருந்து நீந்திப்போய், கப்பலைக் கண்டு மயங்கி, திரும்பும் வழிக்குக் காற்று வைக்க மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆழத்தில் போதைபோல் ஏறும் நைட்ரஜன் மயக்கம் சிலருக்கு அந்த ஆழத்திலேயே தொடங்கிவிடும். மயங்கியவருக்குத் தாம் மயங்கியிருப்பது தெரியாது.

கரையிலிருந்து இறங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேற்குக்கரையின் பல இடங்களில் மணல் இல்லை. உடைந்த பவளச் சில்லுகளும் வழுக்கும் கல்தட்டும்தான் இருக்கின்றன. இருபது கிலோவுக்குக் குறையாத கருவிகளை முதுகில் கட்டிக்கொண்டு அதன்மேல் தள்ளாடி நடக்கும்போது கணுக்கால் பிசகுவதே அங்கே நான் மிகுதியாகக் கண்ட காயம். ஆக, வழிகாட்டி வேண்டும் என்பதில் திரைகடல் பக்கம் நிற்கிறேன். ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. பாறைக்குக் காவலாக வழிகாட்டியை வைத்தால் ஏமாந்துபோவோம். குழுவாகப் போகிறவர்கள் ஒரே கடல்குதிரையைச் சுற்றிக் குவிந்து, ஒருவர் துடுப்பு இன்னொருவர் முகத்தில் பட, அடியில் இருப்பதை எல்லாம் கலக்கிவிட்டுப் போவதும் நடக்கிறதே.

திரைகடல்:

பயிற்றுநர் சொல்வதை ஏற்கிறேன். குழு சிறிதாக இருக்க வேண்டும். நெய்தல்வாசியின் வரலாற்றுப் பாடத்துக்கு மட்டும் ஒரு திருத்தம். கட்டணம் பற்றிப் பெருமை பேசியவர், அதே காலத்தில் நடந்த ஆய்வைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 1993இல் வெளிவந்த, பொனேர் காப்பகத்தைப் பற்றிய ஆய்வொன்று, ஓர் இடத்தில் ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 முக்குளிப்புகளைத் தாண்டினால் பவளத்துக்கு ஏற்படும் கேடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடுகிறது என்று கணக்கிட்டது. இந்த நோய் வருவதற்கு முந்தைய பாறைக்குச் சொன்ன கணக்கு அது. நோயில் கிடப்பவனை ஆரோக்கியமானவனுக்குரிய சுமையைத் தூக்கச் சொல்லலாமா? குற்றவாளி நோய்தான் என்று நீங்கள் நிறுவியதும் என் வாதம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். எனக்கோ அங்கேதான் அது தொடங்குகிறது.

நெய்தல்வாசி:

அந்த எண்ணே என் பக்கமும் பேசும். தீவைச் சுற்றியும், எதிரே ஆளில்லாமல் கிடக்கும் கிளைன் பொனேர் என்ற குட்டித் தீவைச் சுற்றியும், பெயரிட்ட இடங்கள் எண்பதுக்கு மேல் இருக்கின்றன. தன் விருப்பப்படி வண்டி ஓட்டிப் போகிறவர் ஆளில்லாத கல்லைத் தேடிப் போகிறார்; அதனால் சுமை பரவுகிறது. வழிகாட்டிகளோ விடுதிக்கு அருகில் உள்ள, வாடிக்கையாளருக்குப் பிடித்த, அதே ஐந்தாறு இடங்களுக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். நீங்கள் கேட்கும் கட்டாயம் அந்த ஐந்தாறு இடங்களைத்தான் முதலில் கொல்லும்.

மணல்மேடு:

நான் முக்குளிப்பவள் அல்ல. மூக்குக்குழாய் வைத்து மேலே மிதப்பதோடு சரி. நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் வசிப்பதால் பொனேர்க்காரர்கள் சிலரோடு பழக்கம் உண்டு, அங்கே இரண்டு முறை போயும் வந்திருக்கிறேன். இவ்வளவு நேரம் நடந்த உரையாடலில் அந்தத் தீவில் மனிதர் வாழ்கிறார்கள் என்ற குறிப்பே வரவில்லை என்பது வியப்பாக இருக்கிறது.

தெற்கே போகும் சாலையில் ‘வெள்ளை அடிமை’, ‘சிவப்பு அடிமை’ என்று இரண்டு முக்குளிப்பு இடங்கள் இருக்கின்றன. அண்ணன்மார் இருவரும் அங்கே கட்டாயம் இறங்கியிருப்பீர்கள். அவற்றின் கரையில் நிற்கும் சின்னஞ்சிறு குடில்களுக்குள் குனிந்து நுழைந்து பார்த்தீர்களா? 1850 வாக்கில் உப்பளத்து அடிமைகள் படுப்பதற்காகக் கட்டியவை. ஓர் ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. வார இறுதியில் அவர்கள் வடக்கே ரிங்கோன் ஊரில் இருந்த குடும்பத்தைப் பார்க்கப் பல மணி நேரம் நடந்தார்களாம். டச்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது 1863 ஜூலை 1 அன்று. அந்தக் குடில் சுவரில் ஈரமான முக்குளிப்பு உடையைக் காயப்போட்டிருந்த ஒரு கூட்டத்தை நானே பார்த்தேன்.

2010 அக்டோபர் 10 முதல் பொனேர் நெதர்லாந்தின் தனிச்சிறப்பு நகராட்சி. 2011 முதல் அங்கே அமெரிக்க டாலர் புழங்குகிறது. அதன்பின் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களால் வீட்டு வாடகையும் கடைச் சாமான் விலையும் ஏறிப்போய்விட்டதாக எனக்குத் தெரிந்த பொனேர்க் குடும்பங்கள் புலம்புகின்றன. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீணா இல்லையா என்று நீங்கள் கேட்கும்போது, அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் கேட்க வேண்டாமா? தீவின் மொழியான பாப்பியமெந்து பேசும் ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகத் தேடிப்பிடித்தால் நான் திரைகடல் பக்கம். ஆறு மாதத்துக்கு வேலை பார்க்க வந்த வெளிநாட்டு இளைஞர்தான் கிடைப்பார் என்றால், நெய்தல்வாசி அந்தப் பணத்தை ரிங்கோனில் ஆட்டுக்கறிக் குழம்பு விற்கும் வீட்டில் கொடுக்கட்டும்.

நெய்தல்வாசி:

மணல்மேடு அம்மா, குடில்களை வண்டியிலிருந்தே பார்த்தேன், இறங்கவில்லை. அதற்கு என்னிடம் சாக்கு எதுவும் இல்லை. வண்டியை நிறுத்தினால் பொருள் களவு போகும் என்று எல்லோரும் சொல்லியிருந்ததால், கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே எதுவும் வைக்காமல், துண்டும் தண்ணீருமாக அலைந்துகொண்டிருந்தேன் என்பது வேறு கதை.

திரைகடல் அவர்களுக்கும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் கர்ப்பாட்டா என்ற முக்குளிப்பு இடத்தில் ஓர் ஆமையைத் தொடர்ந்து திரும்பியபோது என் துடுப்பு எதன்மேலோ பட்டது. திரும்பிப் பார்த்தேன், விரல் நீளத்துக்கு ஒரு கிளை ஒடிந்து கிடந்தது. எனக்கு நூற்றிருபது முக்குளிப்பு அனுபவம் உண்டு. உங்கள் ஐம்பது என்ற எல்லை என்னைத் தடுத்திருக்காது.

திரைகடல்:

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அந்தக் கிளை ஒடிந்ததை நீங்கள் திரும்பிப் பார்த்ததால் அறிந்தீர்கள். திரும்பிப் பார்க்காத முறைகள் எத்தனை என்பதுதான் என் கேள்வி. அதற்கு உங்களாலும் என்னாலும் விடை சொல்ல முடியாது. எல்லையை நூறாகவோ இருநூறாகவோ உயர்த்தச் சொன்னாலும் எனக்குச் சம்மதமே.

புதுத்துடுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில் நானும் என் மனைவியும் ஏழு நாள் பொனேரில் இருப்போம். இருவருக்கும் சேர்த்தே பன்னிரண்டு முக்குளிப்புகள்தான் அனுபவம். இதையெல்லாம் படித்தபின் என்ன செய்வது என்றே தெரியவில்லை.

ஆழம்_முப்பது:

தம்பி, முதல் இரண்டு நாள் இருவருக்கு மட்டுமான ஒரு வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள்; மணல்மேடு சொன்னபடி ஊர்க்காரராகக் கேட்டுப் பாருங்கள். பதினெட்டு மீட்டருக்குக் கீழே போக வேண்டாம், ஹில்மா ஹூக்கர் அடுத்த பயணம் வரை அங்கேயேதான் இருக்கும். மூன்றாம் நாள், உங்கள் இருவரின் மிதப்பையும் பார்த்து அவர் சரி என்று சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு நெய்தல்வாசி சொன்னபடி மஞ்சள் கல்லைத் தேடிப் போங்கள். கையுறைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். காப்பகத்தில் அவற்றுக்குத் தடை, கை வெறுமையாக இருந்தால்தான் எதையும் பிடிக்கத் தோன்றாது. கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே பதினெட்டு மணி நேரமாவது விடுங்கள். அந்த நாளில் குடில்களைப் பார்க்கப் போகலாம்.