புதுப்பிப்பு: இலக்குகளை மூன்றாகக் குறைத்த பிறகு

எடுத்துக்கொண்ட இலக்குகள் எல்லாமே பாதியில் நிற்கின்றன, எதை விடுவது என்று முன்பு கேட்டிருந்தேன்; பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

எனக்குப் பலன் தந்தது, டொயோட்டா ஆலைகளில் உருவான கன்பான் முறையை (வேலைகளை அட்டைகளாக வைத்துக் கண்காணிப்பது) பின்பற்றி, நடப்பில் உள்ள வேலைகளுக்கு உச்சவரம்பு வைக்கச் சொன்ன யோசனைதான். சுவரில் மூன்று கட்டங்கள் வரைந்து, சான்றிதழ்த் தேர்வு, முதுகுவலிக்கான உடற்பயிற்சி, கடனை அடைப்பது என்று கட்டத்துக்கு ஓர் அட்டை மட்டும் ஒட்டினேன். ஒன்று முடிந்து இறங்கினால்தான் அடுத்தது ஏறலாம். தேர்வில் தேர்ச்சி பெற்றுவிட்டேன், வலி வெகுவாகக் குறைந்திருக்கிறது, கடனும் திட்டப்படி இறங்கி வருகிறது. ஒவ்வொரு இலக்குக்கும் மதிப்பெண் இடும் யோசனை உதவவில்லை, ஏனெனில் எல்லாமே உயர்ந்த மதிப்பெண் பெற்றன.

எதிர்பாராத ஒன்று, ஒதுக்கிவைத்த மற்ற இலக்குகள் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததுதான். ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்பதை மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கியிருக்கிறார். என் அனுபவமும் ஏறத்தாழ அதுவே. ஒதுக்கியவற்றின் அட்டைகளை ஓர் உறையில் இட்டு, மீண்டும் திறக்கும் தேதியை மேலே எழுதிய பிறகே உறுத்தல் அடங்கியது. திறந்து பார்த்தபோது கித்தார் கற்கும் ஆசை குறையாமல் இருந்தது, வேறு சில தாமாகவே மங்கியிருந்தன. ஆகவே தேர்வு இருந்த கட்டத்தில் இப்போது கித்தார் ஏறியிருக்கிறது.